ரோமில் உருவான நாதம், பாரிஸில் கிடைத்த வேலை: சாக்ஸபோன் கலைஞர் ஸ்டெஃபானோ டி பட்டிஸ்டா பற்றிய நிகழ்வு ஆய்வு

ரோம் நகரில் 1969 பிப்ரவரி 14 அன்று பிறந்த ஸ்டெஃபானோ டி பட்டிஸ்டா, 1992ஆம் ஆண்டின் கோடைவரை தம் ஊருக்கு வெளியே அதிகம் அறியப்படாத ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞராகவே இருந்தார். அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் அவர் பிரான்ஸின் தேசிய ஜாஸ் இசைக்குழுவில் இடம்பெற்றார். பியானோ கலைஞர் மிஷேல் பெத்ருச்சியானியின் அறுவர் குழுவில் வாசித்தார். ஜாஸ் ரசிகர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் மதிக்கும் புளூ நோட் நிறுவனத்தின் பெயரில் இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். அமெரிக்க சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் புகழ்பெற்ற நால்வர் குழுவுக்குத் தாளம் அமைத்த எல்வின் ஜோன்ஸ், இவருடைய ஒலிப்பதிவில் டிரம்ஸ் வாசித்தார்.

இத்தகைய வளர்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. சொந்த நாடு கண்டுகொள்ளாத திறமையை அயல்நாடு அடையாளம் கண்டு போற்றியது என்பதே அது. கேட்பதற்கு மனநிறைவு தரும் இந்த விளக்கம் டி பட்டிஸ்டாவின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. அவருடைய வாசிப்பு முறை ரோமிலேயே உருவாகிவிட்டது. அதைப் பாரிஸ் திருத்தவும் இல்லை, புதிதாகக் கற்பிக்கவும் இல்லை. பாரிஸ் தந்தது வேலை. சிறு கச்சேரி மன்றம், அரசின் ஆதரவில் இயங்கும் பெரிய இசைக்குழு, உலகப் பெயர் கொண்ட ஒரு குழுத் தலைவர், அறிமுகமில்லாதவரைப் பதிவு செய்யத் துணியும் நிறுவனம் என்று ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கால்வைக்கும்படி அமைந்த படிக்கட்டு அங்கே இருந்தது. அந்தப் படிகளில் அவரை ஏற்றிவிட்டவர்களில் பெரும்பாலோர் இத்தாலிய வேர் கொண்டவர்கள் என்பதும் தற்செயல் அன்று. இவ்விரண்டையும் ஒருங்கே பார்த்தால்தான் இந்த நிகழ்வு புரியும்.

ரோம் தந்த அடித்தளம்

டி பட்டிஸ்டா பதின்மூன்று வயதில் சாக்ஸபோனைக் கையில் எடுத்தார். பெரும்பாலும் சிறுவர்களே இருந்த ஓர் உள்ளூர் வாத்தியக்குழுவில்தான் அவருடைய பயிற்சி தொடங்கியது. இத்தாலியில் சிற்றூர்களும் நகரின் பேட்டைகளும் தமக்கென்று காற்று வாத்தியக்குழு வைத்துக்கொள்ளும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வேரூன்றியது. அந்நாட்டின் டிரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன் கலைஞர்களில் பலர் அத்தகைய குழுக்களிலிருந்தே வந்தவர்கள். அமெரிக்க ஆல்ட்டோ கலைஞர் ஆர்ட் பெப்பரின் ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது அச்சிறுவனின் நாட்டம் ஜாஸ் பக்கம் திரும்பியது. பெப்பரின் நாதம் மெல்லியது. ஆனால் விளிம்பில் ஒரு காரம் உண்டு. டி பட்டிஸ்டாவின் வாசிப்பில் இன்றும் கேட்கும் அந்தக் காரத்தின் மூலம் அங்கேதான் இருக்கிறது.

ஆயினும் அவருக்கு உண்மையான குரு மாசிமோ உர்பானி. 1957இல் ரோமில் பிறந்த உர்பானி, பதினைந்து வயதை ஒட்டியே அந்நகரின் சாண்டா செச்சிலியா இசைக்கல்லூரியில் பியானோ கலைஞர் ஜோர்ஜோ காஸ்லினி 1970களின் தொடக்கத்தில் நடத்திய ஜாஸ் வகுப்பில் சேர்ந்து, விரைவிலேயே காஸ்லினியின் குழுவிலும் பிறகு டிரம்பெட் கலைஞர் என்ரிகோ ராவாவின் குழுவிலும் வாசித்தவர். அமெரிக்க ஆல்ட்டோ மேதை சார்லி பார்க்கரின் மொழியை உள்வாங்கி, கோல்ட்ரேன், ஆல்பர்ட் ஐலர் ஆகியோரின் ஆவேசத்தை அதன்மேல் ஏற்றியவர். மேல் சுரங்களுக்குச் சென்று அலறும்போதும் பாட்டின் மெட்டைக் கைவிடாதவர். போதைப்பொருள் பழக்கம் அவரை 1993 ஜூன் 24 அன்று பறித்துக்கொண்டபோது அவருக்கு வயது 36. இத்தாலிய ஜாஸில் அவரளவு இயல்பாகச் சுரந்த ஆல்ட்டோ வாசிப்பு வேறு யாரிடமும் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் அந்த வாசிப்பைத் தாங்கிப் பிடிக்க நிலையான ஓர் இசைக்குழுவோ தொடர்ந்து துணைநின்ற ஒரு பெரிய ஒலிப்பதிவு நிறுவனமோ அமையவில்லை. சீடரின் பாதையை எடைபோடும்போது குருவின் இந்த முடிவை மறந்துவிடக் கூடாது.

உர்பானியிடமிருந்து டி பட்டிஸ்டா பெற்றது என்ன என்பதைக் காதால் கேட்டு அறியலாம். சுரத்தின் தொடக்கத்திலேயே முழு வலுவையும் வைத்து ஊதும் முறை, வேகமான தொடர்களுக்கு நடுவே திடீரென்று ஒரு நீண்ட சுரத்தில் நின்று அதைப் பாடவைக்கும் முறை, எவ்வளவு தூரம் மனோதர்மத்தில் போனாலும் பல்லவியின் நினைவைக் கேட்பவருக்கு விட்டுவைக்கும் முறை ஆகிய மூன்றும் அவரிடமிருந்து வந்தவை. பெறாததும் உண்டு. குருவின் கட்டற்ற ஆவேசம் சீடரிடம் இல்லை; அந்த இடத்தில் ஒழுங்கு இருக்கிறது. அவ்வொழுங்குக்குக் காரணம், ஜாஸோடு கூடவே அவர் இசைக்கல்லூரியில் செவ்வியல் சாக்ஸபோனைப் படித்து 21 வயதில் பட்டயம் பெற்றிருந்தது என்று கருதுகிறேன். செவ்வியல் சாக்ஸபோன் பயிலும் எவரும் பெரும்பாலும் பிரெஞ்சு இசையையே பயில நேரும். அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் இந்த வாத்தியத்துக்குக் காப்புரிமை பெற்றது பாரிஸில். இதற்கென்று எழுதப்பட்ட முக்கியமான படைப்புகளில் கணிசமானவை அந்நகரைச் சுற்றியே பிறந்தன. ஆக, பாரிஸுக்குப் போகும் முன்பே அங்கு எதிர்பார்க்கப்படும் தெளிவான உச்சரிப்பும் நொட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிக்கும் திறமும் அவர் கைவசம் இருந்தன.

அக்கால இத்தாலியில் ஜாஸ் கற்க இடமில்லை என்று எண்ணுவது தவறு. பெருஜியாவின் உம்ப்ரியா ஜாஸ் விழா 1973இல் தொடங்கியது; ரோமின் டெஸ்டாச்சோ பேட்டையில் மக்கள் இசைப்பள்ளி 1975இல் எழுந்தது; சியெனா நகரின் ஜாஸ் பயிற்சி நிலையம் 1977இல் தொடங்கியது. கற்றுக்கொள்ளவும் கோடைவிழாக்களில் பெரியவர்களைக் கேட்கவும் இளைஞர்களுக்கு வழி இருந்தது. விழா முடிந்தபின் வரும் குளிர்கால மாதங்களில் வாரந்தோறும் வாசித்து அதைக்கொண்டே வாழ வழி இருந்ததா என்பதுதான் கேள்வி. மிகச் சிலருக்கே இருந்தது.

1992: கால்வியிலிருந்து பாரிஸுக்கு

1992 ஜூலையில் கோர்சிகா தீவின் கால்வி நகரில் நடந்த ஜாஸ் விழாவுக்கு டி பட்டிஸ்டா சென்றார். கோர்சிகா பிரான்ஸுக்கு உரியது. ஆனால் பிரான்ஸின் பெருநிலத்தைவிட இத்தாலியின் கரைக்கே அருகில் உள்ளது. ஒரு ரோமானிய இளைஞர் பிரெஞ்சு இசைக்கலைஞர்களோடு பழகுவதற்கு இதைவிட இயல்பான இடம் அமையாது. அங்கே அவர் வாசிப்பைக் கேட்ட ழான்-பியேர் கோமோ, பாரிஸுக்கு வரும்படி அவரை ஊக்கினார். கோமோ பாரிஸில் பிறந்த பியானோ கலைஞர். 1984இல் உருவான சிக்சூன் குழுவின் நிறுவனர்களுள் ஒருவர். இத்தாலியக் குடும்ப வழி வந்தவர்.

ஏன் நியூயார்க் அல்ல, ஏன் பாரிஸ் என்ற கேள்விக்குச் சில விடைகள் சட்டத்திலும் பொருளாதாரத்திலும் கிடைக்கின்றன. ஐரோப்பியச் சமூக நாடுகளின் குடிமக்கள் வேலைக்காக ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் உரிமை 1968 முதலே நடைமுறையில் இருந்தது. எனவே ஓர் இத்தாலியர் பாரிஸில் வாசிக்க வேலை அனுமதி தேவையில்லை. நியூயார்க்கில் அதுவே முதல் சுவர். மேலும் 1992 செப்டம்பரில் நாணயச் சந்தையின் தாக்குதலைத் தாங்க முடியாமல் இத்தாலிய லீரா ஐரோப்பிய நாணயமாற்று ஒழுங்கிலிருந்து வெளியேறி மதிப்பிழந்தது. பிரெஞ்சு நாணயமான பிராங்கில் பெறும் ஒவ்வொரு கச்சேரி ஊதியமும் இத்தாலியில் முன்னைவிட அதிகமாகப் பெறுமானம் கொண்டதாக மாறியது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் எந்தக் கலைஞரும் ரயில் ஏறினார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஏறியவர் அங்கேயே தங்கியிருக்க முடிந்ததற்கு இத்தகைய காரணங்களும் உதவியிருக்கும்.

பாரிஸின் லொம்பார் தெருவைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே தெருவில், சில அடிகள் இடைவெளியில், சன்செட், பேசே சாலே, டுக் தே லொம்பார் ஆகிய மூன்று கச்சேரி மன்றங்களும் 1980களின் முதல் பாதியில் தொடங்கப்பட்டன. புதிதாக வந்த ஒருவர் ஒரே இரவில் மூன்று இடங்களிலும் கேட்கலாம், அறிமுகம் செய்துகொள்ளலாம், நள்ளிரவுக்குப்பின் மேடையேறி ஒரு பாட்டில் கலந்துகொள்ளலாம். ஒரு டிரம்ஸ் கலைஞர் வர இயலாமல் போனால் அடுத்த வாசலிலிருந்து மாற்று ஆள் வருவார். இந்த நெருக்கம்தான் ஒரு நகரத்தில் ஜாஸை வாழவைப்பது. ரோமிலும் மிலானிலும் மதிப்பான மன்றங்கள் இருந்தன. ஆனால் அவை ஒன்றுக்கொன்று தொலைவில், தனித்தனியாக இருந்தன.

இதற்கு அடியில் அதிகம் பேசப்படாத ஓர் ஏற்பாடும் உண்டு. பிரான்ஸில் மேடைக் கலைஞர்களுக்கென்று தனி வேலையிழப்புக் காப்பீட்டு முறை இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் 507 மணிநேரம் ஊதியத்துக்கு வேலை செய்ததாகக் காட்டும் கலைஞருக்கு, வேலை இல்லாத நாட்களுக்கும் உதவித்தொகை கிடைக்கும். தனிக் கச்சேரி ஒன்று 12 மணிநேரமாகக் கணக்கிடப்படுவதால், சுமார் 43 கச்சேரிகள் அந்த எல்லையை எட்டிவிடும். ஜாஸ் வாசிப்பவரின் தொழில் பெரும்பாலும் பயிற்சி, ஒத்திகை, காத்திருப்பு. மேடையில் இருப்பது அதில் சிறு பங்கு. அந்தக் காத்திருப்பையும் உழைப்பாக மதித்த நாடு பிரான்ஸ். பாரிஸில் ஐவர் குழு ஒன்று மாதக்கணக்கில் கலையாமல் ஒன்றாகப் பயிற்சி செய்ய முடிந்ததற்கு இந்த முறையே ஆதாரம். அக்கால இத்தாலியில் இதற்கு இணையான ஏற்பாடு இருக்கவில்லை.

இனி மனிதர்கள். டி பட்டிஸ்டாவுக்குக் கதவு திறந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே ஓர் உண்மை தெரிகிறது. கோமோவைச் சொல்லியாயிற்று. டிரம்ஸ் கலைஞர் ஆல்டோ ரொமானோ, 1941இல் வட இத்தாலியின் பெல்லூனோவில் பிறந்து சிறு வயதிலேயே பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்தவர். பெத்ருச்சியானி, தெற்குப் பிரான்ஸின் ஓரான்ஜ் நகரில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். பியானோ கலைஞர் எரிக் லென்யீனி, பெல்ஜியத்தில் பிறந்த இத்தாலிய வம்சாவளியினர். டிரம்ஸ் கலைஞர் ஆந்த்ரே செக்கரெல்லி, நீஸ் நகரத்தவர். அவருடைய பெயரே வேரைக் காட்டும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிரான்ஸில் சுமார் 8 லட்சம் இத்தாலியர் இருந்தனர். அக்காலத்தில் அங்கிருந்த வெளிநாட்டவரில் அவர்களே மிகப் பெரிய கூட்டம். சுரங்கத்துக்கும் கட்டுமானத்துக்கும் வயல்வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இரண்டு தலைமுறை கழித்து பிரெஞ்சு ஜாஸின் நடுமையத்தில் இருந்தார்கள். டி பட்டிஸ்டா போய்ச் சேர்ந்த அயல்நாடு ஏற்கனவே பாதி இத்தாலியாக இருந்தது. அவருக்கு முன்னும் பின்னும் பாரிஸுக்குச் சென்ற பல திறமையாளர்களுக்கு இந்தச் சொந்தபந்தம் வாய்க்கவில்லை. அவர்களுடைய பாதை இவ்வளவு விரைவாகத் திறக்கவும் இல்லை.

தேசிய இசைக்குழுவும் பெத்ருச்சியானியும்

பிரான்ஸின் பண்பாட்டு அமைச்சகம் 1986இல் தேசிய ஜாஸ் இசைக்குழுவை உருவாக்கியது. அரசு நிதியில் இயங்கும் இக்குழுவுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய இயக்குநர் நியமிக்கப்படுகிறார். அவர் தம் விருப்பப்படி புதிய கலைஞர்களைத் தேர்ந்துகொள்கிறார். 1994 முதல் 1997 வரை இயக்குநராக இருந்த லோரான் கூன்யி, புகழ்பெற்ற ஜாஸ் இசையமைப்பாளர் கில் எவன்ஸோடு சேர்ந்து பணியாற்றிய அனுபவம் உள்ளவர். அவர் அமைத்த குழுவில் டி பட்டிஸ்டாவுக்கும், டூரின் நகரத்து டிரம்பெட் கலைஞர் ஃபிளாவியோ போல்ட்ரோவுக்கும் இடம் கிடைத்தது. பிரான்ஸின் பெயரைத் தாங்கிய ஒரு குழுவில் இரண்டு இத்தாலியர் அமர்ந்ததைப் பெரிய செய்தியாக யாரும் கருதவில்லை என்பதே அந்த அமைப்பின் பெருந்தன்மைக்குச் சான்று.

பெரிய இசைக்குழுவில் வாசிப்பது, தனி வாசிப்பில் பெயர் வாங்கத் துடிக்கும் இளைஞருக்குப் பெரிய பாடம். பக்கத்தில் இருப்பவரின் மூச்சோடு தன் மூச்சைச் சேர்க்க வேண்டும். எழுதப்பட்டதை எழுதியவாறு வாசிக்க வேண்டும். தனக்கென ஒதுக்கப்பட்ட சில ஆவர்த்தனங்களுக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க வேண்டும். டி பட்டிஸ்டாவின் பிற்கால ஒலிப்பதிவுகளில் தனி வாசிப்புகள் அளவு மீறாமல் இருப்பதற்கு இந்த ஆண்டுகளே காரணம் என்று நம்புகிறேன். போல்ட்ரோவோடு ஏற்பட்ட இணக்கமும் இங்கேதான் உறுதிப்பட்டது. டிரம்பெட்டும் ஆல்ட்டோவும் ஒரே மெட்டை இணைந்து ஊதும்போது இரு வாத்தியங்களும் தனித்தனியே கேட்காமல் மூன்றாவது ஒரு வாத்தியம்போல ஒலிப்பது, 1950களில் அமெரிக்காவில் எழுந்த ஹார்ட் பாப் என்னும் ஜாஸ் மரபின் சிறப்பு. அதை ஐரோப்பாவில் இந்த இருவர் அளவுக்குத் துல்லியமாகச் செய்தவர்கள் அக்காலத்தில் மிகக் குறைவு.

அடுத்த படி பெத்ருச்சியானி. எலும்புகள் எளிதில் முறியும் பிறவிநோயோடு வாழ்ந்து, அமெரிக்காவுக்குச் சென்று பெயர்பெற்று, 1980களில் புளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவுகள் செய்த அவர், 1997இல் ஓர் அறுவர் குழுவை அமைத்தார். டிரம்ஸில் ஸ்டீவ் காட், பேஸ் கிதாரில் அந்தோனி ஜாக்சன், வால்வ் டிரம்போனில் பாப் ப்ரூக்மேயர் என்று மூவர் அமெரிக்கர். டிரம்பெட்டில் போல்ட்ரோவும் சாக்ஸபோனில் டி பட்டிஸ்டாவும் இத்தாலியர். நடுவில் பியானோவில் பெத்ருச்சியானி. அவர் இயற்றிய மெட்டுகளை ப்ரூக்மேயர் மூன்று காற்று வாத்தியங்களுக்கு அமைத்தார். டிரைஃபஸ் நிறுவனம் வெளியிட்ட அந்தத் தொகுப்பின் பெயர் ‘போத் வேர்ல்ட்ஸ்’.

இத்தொகுப்பைக் கேட்கும்போது டி பட்டிஸ்டாவின் பங்கு அடக்கமாகவே தோன்றும். பியானோவின் பிரகாசத்துக்கு முன்னால் அவர் தம்மை நிறுத்திக்கொள்ளவில்லை. ஆயினும் பெத்ருச்சியானியின் மெட்டுகள் பாடத்தகுந்தவை. நீளமான சொற்றொடர் கொண்டவை. இடையில் மூச்சு விடவேண்டிய இடம் தெளிவாகத் தெரிபவை. உர்பானியிடம் பயின்ற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்காது. பெத்ருச்சியானி 1999 ஜனவரி 6 அன்று நியூயார்க்கில் காலமானார். அவருக்கும் அப்போது வயது 36. முப்பது வயதுக்குள்ளேயே டி பட்டிஸ்டா தம்மை உருவாக்கிய குருவையும் தம்மை உலகுக்குக் காட்டிய தலைவரையும், இருவரையும் அதே வயதில், இழந்தார்.

எல்வின் ஜோன்ஸோடு ஓர் ஒலிப்பதிவு

தம் பெயரில் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பு ‘வொலாரே’ 1997இல் வந்தது. வெளியிட்ட லேபல் பிளூ நிறுவனம், ஆமியான் நகரின் பண்பாட்டு மையத்தோடு இணைந்து 1986இல் தொடங்கப்பட்டது. பாரிஸுக்கு வெளியே, பொது நிதியின் துணையோடு இயங்கிய இந்த நிறுவனத்துக்கு உடனடி விற்பனை முதற்கவலையாக இல்லை. அதன் பலன் அறிமுகக் கலைஞருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு ‘ஆ பிரீமா விஸ்தா’ புளூ நோட் பெயரில் வந்தது. போல்ட்ரோவும் லென்யீனியும் உடன் வாசித்த இக்காலத்து ஐவர் குழு, 1960களின் ஹார்ட் பாப் குழுக்களின் அமைப்பைப் பின்பற்றியது. திறமையில் குறையில்லை, ஆனால் முன்மாதிரியின் நிழல் விலகவில்லை.

2000ஆம் ஆண்டில் அவருடைய பெயரையே தலைப்பாகக் கொண்டு வந்த தொகுப்பில் அந்த நிழல் விலகியது. இதில் டிரம்பெட் இல்லை. ஆல்ட்டோ அல்லது சொப்ரானோ சாக்ஸபோன் தனியாக முன்னே நிற்கிறது. பியானோவில் ஜாக்கி டெராசன், பேஸில் ரொசாரியோ பொனக்கோர்சோ, டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ்.

1927இல் பிறந்த எல்வின் ஜோன்ஸ் 1960 முதல் 1966 வரை கோல்ட்ரேனோடு வாசித்தவர். இந்தப் பதிவின்போது எழுபதைக் கடந்தவர். அவருடைய முறை, ஒவ்வொரு தாளத்தட்டையும் மூன்றாகப் பகுத்து, அந்தப் பகுதிகளைக் கைத்தாளத் தட்டிலும் சிறு டிரம்மிலும் கால் டிரம்மிலும் மாற்றி மாற்றிப் பரப்புவது. தட்டு எங்கே விழுகிறது என்று அவர் வெளிப்படையாகக் காட்டுவதில்லை. வாசிப்பவர் அதைத் தம்முள் வைத்திருக்க வேண்டும். கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன் கனமான ஒலி கொண்டது. அந்த அடர்த்திக்கு அது ஈடுகொடுத்தது. ஆல்ட்டோ அதைவிடச் சிறியது, உயர்ந்த சுருதியுடையது. அத்தகைய தாளத்தின்மேல் அது எளிதில் மூழ்கிப்போகும். உரக்க ஊதிப் போட்டியிடுவது ஒரு வழி. அவ்வழியில் போனவர்கள் பலர் கேட்பவரைக் களைப்படையச் செய்திருக்கிறார்கள்.

டி பட்டிஸ்டா தேர்ந்த வழி வேறு. மெட்டின் ஒரு துண்டைச் சொல்கிறார், நிறுத்துகிறார், டிரம்ஸின் அலை அந்த இடைவெளியை நிரப்பக் காத்திருக்கிறார், அதன்பின் அடுத்ததைச் சொல்கிறார். வேகமான உருப்படிகளில்கூட இந்த உரையாடல் குலைவதில்லை. சொப்ரானோவில் வரும் மெதுவான மெட்டுகளில் எல்வின் பிரஷ் கொண்டு வாசிக்கும்போது, வயதில் நாற்பதாண்டுக்கு மேல் மூத்த ஒருவர் இளையவருக்கு இடம் விட்டுக்கொடுப்பதைக் கேட்க முடிகிறது. டி பட்டிஸ்டாவின் தொகுப்புகளுள் இதுவே தலையாயது என்பது என் மதிப்பீடு. இதைச் சாத்தியமாக்கியது வாசிப்புத் திறமை மட்டும் அன்று. ஓர் ஐரோப்பியக் கலைஞருக்காக இத்தகைய அமெரிக்க மூத்தவரை அமர்த்தும் நிதியும் மனமும் கொண்ட நிறுவனமும் தேவைப்பட்டது. எல்வின் 2004இல் மறைந்தார்.

அதே ஆண்டு வந்த ‘பார்க்கர்ஸ் மூட்’, கென்னி பேரனின் பியானோவோடும் ஹெர்லின் ரைலியின் டிரம்ஸோடும் சார்லி பார்க்கருக்குச் செலுத்திய அஞ்சலி. ஆல்ட்டோ வாசிக்கும் எவரும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய தேர்வு அது. அதில் அவர் சிறப்பாகத் தேறினார். அதற்கு முன் 2002இல், அமெரிக்க இசையமைப்பாளர் வின்ஸ் மெண்டோசா தந்தி வாத்தியங்களுக்கு அமைத்த ‘ரவுண்ட் அபவுட் ரோமா’ வெளிவந்தது. ரோம் நகரத்தையே பொருளாகக் கொண்ட இத்தொகுப்பு அழகானது. ஆனால் அந்த அழகு சில இடங்களில் வாசிப்பவரின் காரத்தை மெழுகிவிடுகிறது. இருந்தாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. பாரிஸில் பத்தாண்டு கழித்த கலைஞர், பிரெஞ்சுப் பணத்தில், அமெரிக்க இசையமைப்பில், தம் சொந்த ஊரைப் பற்றி ஒரு தொகுப்பு செய்கிறார்.

சான்ரேமோ

ஜாஸ் கேட்காத இத்தாலியரில் பலர் டி பட்டிஸ்டாவை முதன்முதலாக அறிந்தது 2005 மார்ச்சில். அவ்வாண்டு சான்ரேமோ பாடல் விழாவில் அவருடைய நால்வர் குழுவும் அவருடைய மனைவியும் பாடகியுமான நிக்கி நிகோலாயும் சேர்ந்து பங்கேற்று, குழுக்களுக்கான பிரிவில் முதலிடம் பெற்றார்கள். நாடே தொலைக்காட்சிமுன் அமர்ந்து பார்க்கும் அந்த விழாவில் ஒரு ஜாஸ் குழு வென்றது அபூர்வம். 2009இல் இருவரும் மீண்டும் அதே மேடையில் தோன்றினார்கள்.

ஜாஸின் தூய்மையைப் பேணுவோர் சிலருக்கு இது உவப்பாக இராது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. இத்தாலியில் பாடல்தான் எல்லா இசைக்கும் தாய். ஓபராவிலிருந்து நாப்போலி நகரின் தெருப்பாட்டுவரை அங்கே மெட்டுக்கே முதலிடம். உர்பானியே மெட்டை விடாத கலைஞர்தான். பாரிஸில் பெயர் பெற்ற ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, தம் நாட்டார் அனைவரும் கூடும் இடத்துக்கே போனார் என்பது பொருத்தமே.

இத்தாலியப் பண்களை நோக்கி

2007இல் ஆர்கன் ஒலியோடு சோல் ஜாஸ் பக்கம் சென்ற ‘டிரபிள் ஷூட்டின்’, 2011இல் பெண்களுக்கு அர்ப்பணித்த ‘வுமன்ஸ் லேண்ட்’ ஆகியவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். பின்னதில் நடிகை ஆன்னா மன்யானி, நோபல் பரிசு பெற்ற நரம்பியல் அறிஞர் ரீத்தா லேவி-மொண்டல்சினி, விண்வெளி வீராங்கனை வலன்டீனா தெரெஷ்கோவா போன்றோருக்கு ஆளுக்கொரு மெட்டு அமைத்திருக்கிறார்.

2021இல் வந்த ‘மொரிக்கோனே ஸ்டோரீஸ்’ விரிவாகப் பேசத்தக்கது. எனியோ மொரிக்கோனே 1928இல் ரோமில் பிறந்து 2020 ஜூலையில் அங்கேயே மறைந்தவர். டிரம்பெட் வாசிப்பவராகத் தொழிலைத் தொடங்கி, திரையிசையில் உலகப் பெயர் பெற்றவர். அவருடைய மெட்டுகளைத் தொடும் ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார்கள்: மெட்டின் அழகில் மயங்கி மனோதர்மத்தை விட்டுவிடுவார்கள், அல்லது மனோதர்மத்துக்கு ஒரு சாக்காக மட்டும் மெட்டைப் பயன்படுத்துவார்கள். டி பட்டிஸ்டா எல்லாரும் அறிந்த மேற்கத்திய கௌபாய்ப் படங்களின் இசையை மட்டும் நம்பாமல், 1970களில் வந்த, வெளிநாட்டில் அதிகம் தெரியாத இத்தாலியப் படங்களின் மெட்டுகளையும் தேர்ந்தெடுத்தார். கேட்பவருக்கு மெட்டு புதிது என்பதால், அதை முதலில் முழுமையாகச் சொல்ல வேண்டிய கடமை வாசிப்பவருக்கு வருகிறது; சொல்லி முடித்தபின் அதிலிருந்து விலகும் உரிமையும் வருகிறது. இந்தத் தொகுப்பு வெற்றி பெறுவது அந்தத் தேர்வினால்தான். பியானோவில் பிரெஞ்சுக்காரரான ஃப்ரெத் நார்டன், பேஸில் இத்தாலியரான டானியேலே சொரன்டீனோ, டிரம்ஸில் மூத்தவர் செக்கரெல்லி என்று குழுவே இரு நாடுகளின் கூட்டு. 2024இல் வந்த ‘லா தோல்ச்சே வீதா’ இதே திசையில் மேலும் சென்று, இத்தாலியப் புகழ்பெற்ற பாடல்களை எடுத்துக்கொள்கிறது. தேர்வில் முந்தைய தொகுப்பின் துணிவு குறைவு, வாசிப்பில் மகிழ்ச்சி அதிகம்.

இந்நிகழ்வை மதிப்பிடுதல்

ஒப்பிட்டுப் பார்க்க இருவரை எடுத்துக்கொள்ளலாம். 1939இல் பிறந்த என்ரிகோ ராவா 1960களின் பிற்பகுதியில் நியூயார்க்குக்குச் சென்று அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவர் போனது கற்பதற்கும், அன்று எழுந்துகொண்டிருந்த புதிய இசையின் நடுவில் இருப்பதற்கும். திரும்பியபோது அவருடைய வாசிப்பே மாறியிருந்தது. சிசிலியின் விட்டோரியா நகரில் 1989இல் பிறந்த ஆல்ட்டோ கலைஞர் ஃப்ரான்செஸ்கோ கஃபீசோ பதின்மூன்று வயதிலேயே அமெரிக்க டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸின் கண்ணில் பட்டு, 2003இல் அவரோடு ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். அது ஒரு பெரியவர் ஒரு சிறுவனைக் கைப்பிடித்து உயர்த்திய கதை. டி பட்டிஸ்டாவுடையது இவ்விரண்டிலும் சேராது. அவர் போகும்போதே முழுக் கலைஞர். அவரை உயர்த்தியது ஒரே ஒரு கை அல்ல, ஒன்றோடொன்று இணைந்த பல அமைப்புகள்.

ஆகவே, இத்தாலி அவரைப் புறக்கணித்தது என்று சொல்வது நியாயமாகாது. அவருக்கு வாத்தியத்தையும் குருவையும் பட்டயத்தையும் கொடுத்தது அந்த நாடு. அது கொடுக்கத் தவறியது, வாரந்தோறும் வாசிக்கும் வாய்ப்பும் வாசிக்காத வாரத்துக்கான சோறும். உர்பானிக்கு இவை இல்லாமல் போயின. ஒரே நகரம், ஒரே வாத்தியம், ஏறத்தாழ ஒரே வாசிப்பு மரபு. ஒருவர் 36இல் முடிந்தார், மற்றவர் ஐம்பதைக் கடந்து வாசிக்கிறார். இருவரின் குணமும் பழக்கமும் வேறு என்பதை மறுக்க முடியாது. அதை மட்டுமே காரணமாகச் சொல்லி நிறுத்திக்கொள்வதை ஏற்க என்னால் முடியவில்லை.

1992இல் இருந்த வழி அப்படியே இன்றும் திறந்திருக்கிறதா என்றால், பாதி திறந்திருக்கிறது. இத்தாலியில் 1999இல் வந்த 508ஆம் எண் சட்டம் இசைக்கல்லூரிகளைப் பல்கலைக்கழக நிலைக்கு உயர்த்தியது. ஜாஸ் சாக்ஸபோனுக்கே இப்போது பட்டம் பெறலாம். ரோமில் குற்றக் கும்பலோடு தொடர்புடையவரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட மாளிகை ஒன்றில் 2005இல் ‘காசா தெல் ஜாஸ்’ திறக்கப்பட்டது. லொம்பார் தெரு மன்றங்கள் இயங்குகின்றன. 507 மணிநேர விதியும் பல திருத்தங்களுக்கும் போராட்டங்களுக்கும் பிறகு நிற்கிறது. மாறியது ஒலிப்பதிவுத் துறை. புளூ நோட்டை வைத்திருந்த இஎம்ஐ நிறுவனம் 2012, 2013 ஆண்டுகளில் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி யுனிவர்சலுக்கும் மறுபகுதி வார்னருக்கும் போனது. மொரிக்கோனே தொகுப்பை வெளியிட்டது வார்னர்; ஆனால் அப்போது டி பட்டிஸ்டா ஐம்பதைத் தாண்டிய, பெயர் நிலைபெற்ற கலைஞர். முப்பது வயதை எட்டியிராத ஓர் இத்தாலியரோடு ஒப்பந்தம் செய்து, இரண்டே ஆண்டுகளில் அவருக்குப் பின்னால் எல்வின் ஜோன்ஸ் போன்ற ஒருவரை அமர்த்தும் வேலையை ஒலிக்கோப்பின் காலத்து நிறுவனங்கள் செய்வதில்லை. இன்று ரோமிலிருந்து ரயிலேறும் இருபத்து மூன்று வயதுக் கலைஞருக்கு மன்றமும் காப்பீடும் கிடைக்கும். ஒலிப்பதிவு என்ற அடுத்த படிக்கான பணத்தை அவர் தாமே தேட வேண்டும்.